காவேரி என்ஜினும் கணக்குக் கேட்பவர்களும்

(ஒக்கலிபுரத்தில் நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே மேடையில் சர்க்கரை வியாதி பற்றிப் பேசினார்கள். எல்லோருக்கும் உபயோகமான விஷயம். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் வறட்சியான தலைப்பு. சர்க்கார் பணத்தில் நடக்கிற என்ஜினியரிங் ஆராய்ச்சியையும், அதில் கம்பெனிகள் சேர்ந்துகொள்வதையும் யார் மேற்பார்வை பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதைப் பார்க்கிறார்களா என்பதுதான் அது. வறட்சி என்றாலும் நம் ஊர் விஷயம். எச்.ஏ.எல்., என்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. என்று ஏதாவது ஒன்றில் ஒரு தம்பியோ, மாப்பிள்ளையோ, மருமகளோ வேலை பார்க்காத குடும்பம் இந்த ஹாலில் இருக்குமா என்பது சந்தேகம். அதனால் நான் சொல்வதை யாரும் தங்கள் ஆத்து மனுஷாளைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். விஞ்ஞானியும் இல்லை, என்ஜினியரும் இல்லை. மத்திய அரசில் விஞ்ஞானத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குகிற பக்கத்தில் உத்தியோகம். பரிசீலனைக் குழுக்களில் நிதிப் பிரதிநிதியாக மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். என்னை யாரும் விரும்பி அழைத்ததில்லை, விதிப்படி அழைக்க வேண்டும் என்பதால் அழைப்பார்கள். காபி மட்டும் நன்றாகக் கொடுப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓர் உதாரணத்தை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். அது காவேரி.

நதி இல்லை, என்ஜின். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த ஒக்கலிபுரத்திலிருந்து ஊரின் மறுகோடியில் சி.வி. ராமன் நகர் இருக்கிறது. அங்கே ஜி.டி.ஆர்.இ. என்று ஓர் ஆராய்ச்சிக்கூடம், காஸ் டர்பைன் ரிசர்ச் எஸ்டாப்ளிஷ்மென்ட். 1959இல் கான்பூரில் சிறிதாக ஆரம்பித்து 1961இல் பெங்களூருக்கு வந்தது. இலகு ரகப் போர் விமானமான தேஜஸுக்கு இந்தியாவிலேயே ஒரு ஜெட் என்ஜின் செய்ய வேண்டும் என்று இவர்களிடம் ஒப்படைத்தார்கள். 1989 மார்ச்சில் அனுமதி. தொகை ரூ.382.81 கோடி. முடிக்க வேண்டிய காலம் 1996 டிசம்பர்.

ஏன் நமக்கே ஓர் என்ஜின் வேண்டும் என்று கேட்கலாம். அதற்குப் பதிலும் இதே ஊரில்தான் இருக்கிறது. 1956இல் ஜெர்மன் நிபுணர் கர்ட் டாங்க் எச்.ஏ.எல்.லுக்கு வந்து 'மாருத்' என்ற போர் விமானத்தை வடிவமைத்தார். 1961 ஜூனில் அது பறந்தது. உடம்பு நல்ல உடம்பு. ஒலியை மிஞ்சிய வேகத்தில் போவதற்கென்று வடிவமைத்தது. ஆனால் அதற்காக நினைத்திருந்த பலமான ஆர்ஃபியஸ் என்ஜினை பிரிட்டனில் தயாரித்து முடிக்க நம் அரசு பணம் கொடுக்க முன்வரவில்லை. இருந்த சிறிய என்ஜினைப் பொருத்தினார்கள். நூற்று நாற்பதுக்கும் மேல் செய்தும், 1971 யுத்தத்தில் நன்றாக உழைத்தும், அது கடைசிவரை தன் வேகத்தை எட்டவில்லை. என்ஜின் கையில் இல்லாவிட்டால் விமானம் கையில் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்த பாடம்.

ஜெட் என்ஜின் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மேற்பார்வையின் கஷ்டம் புரியும். முன்னால் காற்றை இழுத்து, அடுக்கடுக்கான விசிறிகளால் பல மடங்கு அழுத்தி, அதில் எரிபொருளைத் தெளித்து எரிக்கிறார்கள். கொதிக்கிற வாயு பின்னால் பாயும்போது வழியில் ஒரு டர்பைனைச் சுழற்றுகிறது. அந்த டர்பைன்தான் முன்னால் இருக்கிற விசிறிகளைச் சுழற்றுகிறது. மிச்சமிருக்கிற வேகம் விமானத்தை முன்னால் தள்ளுகிறது. பள்ளிக்கூடத்து நியூட்டன் மூன்றாம் விதிதான், புதிதாக ஒன்றுமில்லை.

கஷ்டம் டர்பைன் பிளேடில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு உலோக இதழ். அதன்மேல் பாய்கிற வாயுவின் உஷ்ணம், அந்த உலோகமே உருகிவிடக்கூடிய உஷ்ணத்துக்கும் மேலே. அந்த நெருப்பில் அது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்ற வேண்டும், உருகவும் கூடாது, நீளவும் கூடாது. அதற்காக இதழுக்குள்ளே நுண்ணிய துவாரங்கள் வைத்துக் குளிர்ந்த காற்றைச் செலுத்துவார்கள். நிக்கல் கலவையை முழுசாக ஒரே படிகமாக வார்ப்பார்கள். நம் ஆத்து வெண்கலப் பானையை உடைத்துப் பார்த்தால் உள்ளே மணல் மணலாகத் தெரியும் அல்லவா, அந்த மணிகள் சேருகிற இடத்தில்தான் விரிசல் விடும். ஒரே படிகமாக இருந்தால் சேருகிற இடமே கிடையாது. இந்த வித்தை தெரிந்த தேசங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என்ஜினை விற்பார்கள். இதழ் வார்ப்பதை மட்டும் காசு கொடுத்தாலும் லேசில் சொல்லித்தர மாட்டார்கள்.

இப்போது அந்த ரூ.382.81 கோடிக்குத் திரும்புங்கள். ஏழெட்டு வருஷத்தில், அந்தத் தொகையில், இதற்குமுன் ஒரு போர் விமான என்ஜினைக்கூட முழுசாகச் செய்து சேவைக்கு அனுப்பியிராத ஓர் அமைப்பு இதைச் செய்துவிடும் என்று ஒரு கோப்பில் எழுதப்பட்டது. பல மேஜைகளைக் கடந்து கையெழுத்தானது. இதை ஜி.டி.ஆர்.இ.யின் குற்றமாக நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. உண்மையான தொகையை எழுதினால் கோப்பு திரும்பி வரும். குறைத்து எழுதினால் போகும், பிறகு 'திருத்திய மதிப்பீடு' என்று ஒன்று வரும். பெண் கல்யாணத்துக்கு முதலில் ஐந்து லட்சம் என்று சொல்லி ஆத்துக்காரரைச் சம்மதிக்க வைத்து, மண்டபம் பார்த்த பிறகு பதினைந்து என்று சொல்வதில்லையா? அதேதான். கல்யாணம் ஒரு நாளில் முடிந்துவிடும், என்ஜின் முடியாது. முதல் தாளில் எழுதின எண் பொய்யாக இருந்தால், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு பரிசீலனையும் அந்தப் பொய்யான எண்ணோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாமே தாமதம், எல்லாமே அதிகச் செலவு என்று தோன்றும். உண்மையிலேயே எங்கே தடுக்கிறது என்பது அந்தக் கூச்சலில் காதில் விழாது.

நடந்ததைச் சொல்கிறேன். தேஜஸ் 2001 ஜனவரி 4ஆம் தேதி முதல்முறையாகப் பறந்தபோது அதில் இருந்தது காவேரி இல்லை, அமெரிக்க ஜி.இ. கம்பெனியின் எஃப்-404. 2004இல் ரஷ்யாவில் உயர வானச் சோதனையில் காவேரி தேறவில்லை. அந்த மாதிரிச் சோதனைக்கூடம் அப்போது நம்மிடம் கிடையாது. என்ஜினைப் பெட்டியில் வைத்துக் கப்பலிலோ விமானத்திலோ ரஷ்யாவுக்கு அனுப்பி, அவர்கள் தேதி கொடுக்கும்வரை காத்திருந்து, சோதித்து, கோளாறு கண்டால் மறுபடி பெங்களூர். ஒரு சுற்றுக்கு எவ்வளவு காலம் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பரில் காவேரியைத் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். 2010 நவம்பரில் மாஸ்கோவுக்கு அருகே ஓர் ஐ.எல்.-76 விமானத்தில் நான்கு என்ஜின்களில் ஒன்றாகப் பொருத்தி வானில் ஓட்டினார்கள். அது ஓடியது. இருபத்தோரு வருஷத்துக்குப் பிறகு.

அந்தச் சமயத்தில்தான் சி.ஏ.ஜி., அதாவது தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் 2010-11 அறிக்கை வந்தது. ரூ.382.81 கோடி ரூ.2,839 கோடியாகியிருந்தது. 642 சதவீத உயர்வு. பதின்மூன்று வருஷத் தாமதம். என்ஜினின் எடை 1,100 கிலோ இருக்க வேண்டியது 1,235 கிலோ. கம்ப்ரசர், டர்பைன், என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு ஆகியவற்றின் வடிவமைப்பே இன்னும் முடிவாகவில்லை. தள்ளுவிசை 81 கிலோ நியூட்டன் என்று திட்டம், கிடைத்தது எழுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவே. இதற்குள் விமானமும் கனத்துப் போனதால் விமானப்படை கேட்டதோ 90, 95. எட்ட வேண்டிய கோடே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

தணிக்கை அறிக்கையைப் பத்திரிகைகள் நன்றாக வறுத்தெடுத்தன. அறிக்கையில் தப்பு ஒன்றுமில்லை. எனக்கு அதில் உறுத்துவது தேதி. 1989இல் கொடுத்த பணத்துக்கு 2010இல் இவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்க முடிந்தது என்றால், 1993இலும் 1996இலும் 2000த்திலும் கேட்க வேண்டியவர்கள் யார்? குழுக்கள் இல்லாமல் இல்லை. நம் தேசத்தில் எது குறைவாக இருந்தாலும் குழு குறைவாக இருக்காது.

குழுக்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். காவேரிக் குழுவில் நான் இருந்ததில்லை, இருந்த குழுக்கள் வேறு. வழக்கம் ஒன்றுதான். முதல் கேள்வி, 'போன தவணை செலவாகிவிட்டதா?' செலவாகியிருந்தால் நல்ல திட்டம். ஆகாவிட்டால் மோசமான திட்டம். பிப்ரவரி வந்தால் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும், மார்ச் 31க்குள் பணத்தைத் தீர்க்க வேண்டும் என்று. யுடிலைசேஷன் சர்டிஃபிகேட் என்று ஒரு படிவம் உண்டு. என் காலத்தில் 19-ஏ, 2017 விதிகளில் 12-ஏ ஆகிவிட்டது. இவ்வளவு வாங்கினோம், இவ்வளவு செலவழித்தோம், அனுமதித்த காரியத்துக்கே செலவழித்தோம், கையெழுத்து. காரியம் ஆயிற்றா என்பதற்குச் சம்பிரதாயமாக ஓரிரண்டு வாக்கியம் எழுதினால் போதும். நான் ஆயிரக்கணக்கில் இந்தத் தாள்களைப் பார்த்திருப்பேன். ரூபாய்க் கணக்கு பைசா வரைக்கும் சரியாக இருக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊர், கல்லூரி, கம்பெனி எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு பொறியியல் கல்லூரி, ஓர் உள்ளூர் தொழிற்சாலையோடு சேர்ந்து ஒரு சோதனை இயந்திரம் செய்வதாகத் திட்டம். மூன்று வருஷத்தில் ஆறு கூட்டம் நடந்தது. ஆறு நடவடிக்கைக் குறிப்பிலும் 'முன்னேற்றம் திருப்திகரம்' என்று இருந்தது. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், வழியில்தானே என்று இறங்கிப் பார்த்தேன். இயந்திரம் இருந்தது. பளபளவென்று இருந்தது. மேலே சந்தனம், குங்குமம், காய்ந்த பூச்சரம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒழுங்காகப் பூஜை நடந்திருக்கிறது. ஆனால் ஒரு தடவைகூட ஓடியதில்லை. காரணம் கேட்டால், அதற்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் இணைப்பு வேண்டும். இணைப்புக்கான செலவு 'கட்டட வேலை' தலைப்பில் வருகிறது, திட்டத்தில் 'உபகரணம்' தலைப்புக்குத்தான் பணம். தலைப்பு மாற்ற அனுமதி கேட்டு எழுதிய கடிதம் எங்கேயோ நின்றுவிட்டது. பேராசிரியர் நல்ல மனுஷர். கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்றேன். 'சொன்னால் அடுத்த தவணை நின்றுவிடும் சார்' என்றார்.

அவர் சொன்னதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கோளாறைச் சொன்னவனுக்குப் பணம் நிற்கும், மறைத்தவனுக்குப் பணம் வரும் என்றால், படித்த புத்திசாலிகள் என்ன செய்வார்கள்? நிதிப் பிரிவுக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கல்லூரிக்கு ஒரு மின் இணைப்பு கிடைக்காததற்குக் காரணம் விஞ்ஞானம் இல்லை, எங்கள் தலைப்புகள். இயந்திரத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்ததன் பலன்.

இன்னொன்று. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் அந்தப் பொருளைக் கடைசியில் உபயோகிக்கப் போகிறவர் இருப்பதில்லை. சமைப்பவரும், மளிகைக்குப் பணம் கொடுப்பவரும் பேசிக்கொள்கிறார்கள், சாப்பிடுகிறவரைக் கேட்பதில்லை. தேஜஸ் பற்றி சி.ஏ.ஜி. 2015இல் ஒரு தனி அறிக்கை கொடுத்தது. 1983இல் ரூ.560 கோடியில் ஆரம்பித்த திட்டம் அது. விமானப்படை அதில் நெருங்கி ஈடுபட்டது 2006க்குப் பிறகுதான் என்று அறிக்கை சொல்கிறது. இருபத்து மூன்று வருஷம்! முதல் ரக தேஜஸில் விமானப்படை கேட்ட தேவைகளில் 53 இடங்களில் விலக்கோ சலுகையோ தர வேண்டியிருந்தது. உள்நாட்டுப் பங்கு 70 சதவீதம் என்று சொல்லப்பட்டது, கணக்குப் பார்த்தால் 35 சதவீதம்தான் இருந்தது. விமானம் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஓட்டிய விமானிகள் பாராட்டுகிறார்கள். சோதனைப் பறப்புகளில் ஓர் உயிர்கூடப் போகாமல் சேவைக்கு வந்த விமானம் அது. அந்தப் பெருமையை நான் குறைக்க மாட்டேன். பறக்கிறவர் முதல் வருஷத்திலிருந்தே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த 53 எவ்வளவு குறைந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

எல்லாத் திட்டமும் இப்படி என்றில்லை. 1984 ஆகஸ்டில் சி-டாட் ஆரம்பித்தார்கள். சாம் பிட்ரோடா கேட்டது 36 மாதம், 36 கோடி ரூபாய். நம் நாட்டுக்கேற்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்து தருகிறேன் என்றார். நம்மில் பலருக்கு டெலிபோனுக்கு எழுதி வைத்துவிட்டுப் பத்து வருஷம் காத்திருந்த ஞாபகம் இருக்கும். பெரிய நகர எக்ஸ்சேஞ்ச் 36 மாதத்தில் முடியவில்லை, அதற்காக அவர்களைத் திட்டாதவர் இல்லை. ஆனால் போகிற வழியில் 128 இணைப்புள்ள ஒரு சின்ன கிராம எக்ஸ்சேஞ்ச் செய்தார்கள். ஏ.சி. தேவையில்லை, தூசி தாங்கும், கரண்ட் போனாலும் சமாளிக்கும். முதலாவதை 1986இல் நம் கர்நாடகத்திலேயே, ராணி சென்னம்மாவின் கிட்டூரில் வைத்தார்கள். பிறகு அது தேசம் முழுக்கப் பரவியது.

இதில் மேற்பார்வைக்கு எளிதாக இருந்த விஷயம் என்ன? உபயோகிக்கப் போகிற டெலிபோன் இலாகா ஆரம்பத்திலிருந்தே எதிரில் நின்றது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே, வெயிலும் புழுதியும் உள்ள ஓர் ஊரில் வைத்து, மணி அடிக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். 'திருப்திகரம்' என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. தொழில்நுட்பத்தை ஒரே கம்பெனிக்குக் கொடுக்காமல், அரசு, தனியார் என்று பலருக்கும் உரிமம் கொடுத்தார்கள். ஒருத்தர் சொதப்பினால் இன்னொருத்தர். ஜெட் என்ஜினோடு டெலிபோனை ஒப்பிடலாமா என்று யாராவது கேட்பீர்கள். கஷ்டத்தை ஒப்பிடவில்லை. பெரிய இலக்குக்குப் போகிற வழியில், கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு சின்னப் பொருள் நடுவில் வந்ததே, அதைச் சொல்கிறேன். காவேரியில் அப்படி ஒரு நடுப்படி யோசித்திருக்கலாம். இருபது வருஷம் கழித்து வேறு வழியில்லாமல் யோசித்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

கம்பெனிகளோடு கூட்டு என்பது இன்றைக்கு எல்லார் வாயிலும் இருக்கிற வார்த்தை. 2015இல் மத்திய மனிதவள அமைச்சகம் ஐ.ஐ.டி.களுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது, 'உச்சதர் ஆவிஷ்கார் யோஜனா' என்று பெயர். ஆராய்ச்சிச் செலவில் பாதி அந்த அமைச்சகம், கால் பங்கு சம்பந்தப்பட்ட வேறோர் அமைச்சகம், கால் பங்கு கம்பெனி. நல்ல ஏற்பாடு. தன் கைக்காசு போட்டவன்தான் 'என் பொருள் எங்கே?' என்று கேட்பான். அரசாங்க மேற்பார்வையாளர் பத்துப் பேரைவிட அவன் ஒருத்தன் மேல்.

கைக்காசு நிஜமாகவே கைக்காசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் சர்வீஸில் 'பொருளாகப் பங்களிப்பு' என்று ஒன்று பார்த்தேன். கம்பெனியின் பங்காக ஒரு பழைய லேத், ஷெட் வாடகை, மேனேஜரின் நேரம் என்று மதிப்புப் போட்டு எழுதிவிடுவார்கள். கூட்டிப் பார்த்தால் சரியாகக் கால் பங்கு வரும், ஒரு ரூபாய் கூடாது, குறையாது. அவ்வளவு சரியாக வந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

சின்னப் பட்டறைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பீன்யாவில் துல்லியமாகக் கடைசல் பிடிக்கத் தெரிந்த பட்டறைகள் எத்தனையோ. ஆராய்ச்சிக்கூடம் அவர்களிடம் வந்து இரண்டே இரண்டு உதிரிபாகம் கேட்கும், அதற்கும் டெண்டர், குறைந்த விலைக்காரருக்கே வேலை. அடுத்த வருஷம் வடிவம் மாறும், மறுபடி டெண்டர், வேறு பட்டறை. முதல் பட்டறை கற்றுக்கொண்டது அதோடு போயிற்று. இப்படி இருந்தால் எந்த முதலாளி புது மெஷின் வாங்கி வைப்பார்? விண்வெளித்துறை இந்த விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. 1974இல் பிரான்சின் எஸ்.இ.பி. கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டபோது, ரொக்கமாகக் கொடுக்காமல், நம் என்ஜினியர்கள் அங்கே போய் நூறு மனித-வருஷம் வேலை செய்து கொடுத்துத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதுதான் விகாஸ் என்ஜின். பிறகு கோத்ரெஜ், ஹைதராபாதின் எம்.டி.ஏ.ஆர். ஆகிய கம்பெனிகளை வருஷக்கணக்காகக் கூடவே வைத்துக்கொண்டார்கள். கற்றுக்கொண்டவர்களே சோதித்தார்கள், சோதித்தவர்களே கம்பெனியில் போய் நின்றார்கள். தனியாக ஒரு மேற்பார்வைக் குழுவுக்கு அங்கே அதிக வேலை இருந்திருக்காது.

சரி, காவேரி தேறாததால் என்ன குடி முழுகிப் போயிற்று, எஃப்-404 இருக்கிறதே என்று கேட்கலாம். 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு எச்.ஏ.எல்.லோடு ஏறக்குறைய ரூ.48,000 கோடிக்கு ஒப்பந்தம் ஆயிற்று. அதே ஆகஸ்டில் ஜி.இ.யிடம் 99 என்ஜின்களுக்கு ஆர்டர். முதல் விமானம் 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டும், அந்த வருஷம் வரவில்லை. முதல் என்ஜினே 2025 மார்ச்சில்தான் வந்தது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் என்ஜின் பெரிய காரணம். அந்தக் கம்பெனிக்கு அவர்கள் சிரமம். உதிரிபாகக்காரர்கள் கோவிட் காலத்தில் கலைந்துபோனார்கள் என்றார்கள். நாம் காத்திருந்தோம். தேஜஸ் எந்த விமானத்துக்குப் பதிலாக வர வேண்டும் என்று 1983இல் நினைத்தார்களோ அந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26ஆம் தேதிதான் சண்டிகரில் விடைபெற்றது. நடுவில் அந்தப் பழைய விமானங்களில் விழுந்து இறந்த பையன்கள் எத்தனை பேர். 42 ஸ்க்வாட்ரன் இருக்க வேண்டிய இடத்தில் 29 ஆகிவிட்டது. ஒரு நடவடிக்கைக் குறிப்பில் 'திருப்திகரம்' என்று எழுதுவதற்கும் இதற்கும் நேர்க்கோடு போட முடியாது என்பது எனக்குத் தெரியும். கோடு வளைந்து வளைந்து போகிறது, ஆனால் போகிறது.

காவேரி செத்துப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் கூடுதலாக எரிபொருள் எரிக்கிற ஆஃப்டர்பர்னர் பகுதியை எடுத்துவிட்டு, ஆளில்லாப் போர் விமானத்துக்கு ஏற்ற 'உலர்' காவேரியாக மாற்றியிருக்கிறார்கள். இதுதான் நான் முன்பு சொன்ன நடுப்படி. அதன் பகுதிகளைச் செய்ய கோத்ரெஜ் வந்திருக்கிறது. அதுவும் ரஷ்யாவுக்குப் போய்த்தான் சோதனை செய்துகொண்டது. அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்குப் பிரான்சின் சஃப்ரானோடு சேர்ந்து புது என்ஜின் செய்யப் போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். சஃப்ரானின் கிளையான ஸ்னெக்மாவோடுதான் காவேரிக்காகவும் வருஷக்கணக்கில் பேசினோம், கைகூடவில்லை. இந்தத் தடவை கூடட்டும்.

இதையெல்லாம் இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2023இல் சட்டம் போட்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஏற்படுத்தினார்கள். 2025 ஜூலையில் ஆராய்ச்சிக்கும் புதுமைக்கும் என்று ரூ.1 லட்சம் கோடி நிதிக்கு மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. நவம்பரில் பிரதமர் தொடங்கி வைத்தார். இது மானியம் இல்லை. தனியார் கம்பெனிகளுக்கு நீண்டகாலக் கடனாகவும் பங்கு முதலீடாகவும் போகிற பணம். நேராகவும் போகாது, நிதி மேலாளர்கள் வழியாகப் போகும். காவேரிக்கு முதலில் கொடுத்ததைப் போல் இருநூற்று அறுபது மடங்கு. விலைவாசி ஏறினதைக் கழித்தாலும் பெரிய தொகை. ஆரம்ப நிலையைத் தாண்டிய தொழில்நுட்பங்களுக்கே தருவார்கள். தொழில்நுட்பத்தின் முதிர்ச்சிக்கு ஒன்பது படி என்று அமெரிக்க நாசாவில் ஒரு கணக்கு வைத்தார்கள், அதில் நான்காவது படியாவது ஏறியிருக்க வேண்டும்.

ஏணி நல்ல ஏணிதான். நான்காவது படியில் நிற்கிறோம் என்று யார் சொல்கிறார்? கடன் கேட்கிற கம்பெனியே சொன்னால் அது இன்னொரு 12-ஏ படிவம்தான். அமெரிக்காவில் ஜி.ஏ.ஓ. என்று நம் சி.ஏ.ஜி. மாதிரி ஓர் அமைப்பு. அவர்கள் 2003 முதல் வருஷா வருஷம் பெரிய ஆயுதத் திட்டங்களை எடுத்து, எது எந்தப் படியில் நிற்கிறது, முதிராத தொழில்நுட்பத்தோடு தயாரிப்புக்குப் போகிறார்களா என்று அச்சிட்டு வெளியிடுகிறார்கள். திட்டம் முடிந்த பிறகு இல்லை, நடந்துகொண்டிருக்கும்போதே. அதனால் அங்கே தாமதமே இல்லை என்று நினைக்காதீர்கள், நிறைய உண்டு. ஆனால் தாமதம் எந்த வருஷம், எந்தப் பாகத்தில் ஆரம்பித்தது என்று ஒரு சாதாரண வாசகன் தெரிந்துகொள்ளலாம். நம் நாட்டில் அதே தகவலுக்கு இருபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ரகசியம் என்பார்கள். பிளேடின் கலவை ரகசியம், சரி. சோதனை மேடையில் எத்தனை மணி ஓடியது என்பது அவ்வளவு ரகசியமா? என்னைக் கேட்டால் அந்தப் புது நிதியில் கடன் வாங்குகிற ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று விஷயம் வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வர வேண்டும். என்ன சோதித்தார்கள், எது தேறவில்லை, உபயோகிக்கப் போகிறவர் என்ன சொன்னார். தேறாததைச் சொன்ன திட்டத்துக்கு அடுத்த தவணை நிற்கக்கூடாது என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். பேங்குக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், கடன் கொடுத்தவன் கோளாறு கேட்டும் பணம் கொடுப்பானா என்று சிரிக்கிறீர்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் மளிகைக்கடைக் கடனுக்கும் டர்பைன் பிளேடுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டால் மளிகைக்கடைதான் மிஞ்சும்.

ரிடையரான என்ஜினியர்கள் இந்தச் சபையில் இருபது பேராவது இருப்பீர்கள். சோதனைக்கூடத்துக்குப் போய்ப் பத்து நிமிஷம் நின்றாலே ஓடுகிற மெஷின் எது, பூஜைக்கு வைத்த மெஷின் எது என்று மோப்பம் பிடிக்கிறவர்கள். பரிசீலனைக் குழுக்களுக்கு வெளியாட்களைத் தேடும்போது பெரிய பதவியில் இருந்தவர்களையே தேடுகிறார்கள். ஷாப் ஃப்ளோரில் முப்பது வருஷம் நின்றவரை யாரும் தேடுவதில்லை. கூப்பிட்டால் போங்கள், பயணப்படிக்காக யோசிக்காதீர்கள்.

நான் சொன்ன இரண்டு சி.ஏ.ஜி. அறிக்கைகளும் பொது ஆவணங்கள், யாரும் படிக்கலாம். காவேரி பற்றிய பகுதி நீளமானதில்லை. அதை மட்டும் ஐந்து பிரதி எடுத்துக் கொண்டுவந்து வாசல் மேஜையில், பஞ்சாங்கங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகிறவர்கள் படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள்.